விருந்தாளிகள் பெயரில் நான் சொன்ன 'வேண்டாம்'

நான் ஒரு கல்யாணத்தை இடம் மாற்றியவன். இரண்டு அரசாங்கங்கள் கேட்டுக்கொண்டதாகப் பெண்ணின் தகப்பனிடம் சொல்லி மாற்றினேன். அந்த இரண்டு அரசாங்கங்களும் அப்படி எதையும் கேட்கவில்லை. பயந்தவன் நான். அந்தத் தகப்பன் தோட்டப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். நான் சொன்னதை நம்பினான். நம்பியதால் மகள் தாலி வாங்குவதைப் பார்க்காமல் போனான்.

நம் அமைச்சில் தொடர்பு அதிகாரிகளாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். சாதித்த கதைகளும் என்னிடம் சில உண்டு. சிரம்பான் ரஹாங்கில் உள்ள வீட்டில் அவற்றை ஆரம்பித்தால் என் மனைவி துணி காயப்போடப் போய்விடுகிறாள். அவள் இன்னும் எழுந்து போகாமல் கேட்கும் கதை இது ஒன்றுதான். ஆகவே இதையே எழுதுகிறேன்.

தூரத்து நாடு ஒன்று நெடுங்காலமாக ஆண்டுவந்த ஒரு தீவை, அதன் அண்டை நாட்டிடம் ஒப்படைக்க முடிவாகியிருந்தது. பெயர்களைச் சொல்லமாட்டேன், இடம் கொடுத்தவன் பெயர் சொல்லாமலிருப்பது நம் தொழிலின் மரியாதை. ஒரு தரப்பைப் போகிறவர்கள் என்றும் மறு தரப்பை வருகிறவர்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்படைப்பது என்று பெரியவர்கள் கைகுலுக்கி முடித்துவிட்டார்கள். மிச்சமிருந்தது அன்றாடக் காரியம். கொடி இறங்கிய மறுநாள் காலையில் தீவின் படகை யார் ஓட்டுவது, ஆஸ்பத்திரியில் மருந்து அலமாரியின் சாவி யாரிடம் இருப்பது, தண்ணீரை யார் திறந்துவிடுவது என்பதையெல்லாம் பேசி முடிக்க இரு தரப்புக்கும் பொதுவான, சத்தமில்லாத ஓர் இடம் தேவைப்பட்டது. நம் நாடு இடம் தர ஒப்புக்கொண்டது.

இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான். கோலா சாவா பக்கம், செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்கு நடுவே மேட்டில் நிற்கும் பழைய மானேஜர் பங்களா. நிருபர் யாராவது மோப்பம் பிடித்து வந்தால் அவரை முதலில் பார்ப்பது மேய்ந்துகொண்டிருக்கும் மாடுகளாகத்தான் இருக்கும். அந்தத் தோட்டத்தில்தான் நான் பிறந்தேன். என் அப்பா அங்கே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. ஊர்க்காரன் என்பதால் அமைச்சில் என்னை நம்பினார்கள். ஊரிலும் நம்பினார்கள்.

முதல் நாளே ஒரு சிக்கல். இரு தரப்பும் சரிசமமாக, ஒரே நேரத்தில் உள்ளே நுழைய வேண்டும் என்பது ஏற்பாடு. பங்களாவின் முன்வாசலோ ஒற்றைக் கதவு. ஒருவர் நுழைந்தால் மற்றவர் பின்னால்தான் வர முடியும். இரண்டு தலைவர்களும் படிக்கட்டில் நின்று ஒருவருக்கொருவர் மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் காலை எடுத்து வைக்கவில்லை. அந்தக் காலை வெயில் உங்களுக்குத் தெரியும். நான் சட்டென்று, "தேநீர் தயாராக இருக்கிறது, இந்தப் பக்கம் வாருங்கள்" என்று சொல்லி எல்லோரையும் வீட்டைச் சுற்றிச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே மாட்டுவண்டியே நுழையும் அளவுக்கு அகலமான இரட்டைக் கதவு.

சமையல் ஒப்பந்தம் பக்கத்து ஊரான ரந்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாயிடம் இருந்தது. திடீரென்று கோட்டும் டையுமாக ஒரு கூட்டம் அடுப்படிக்குள் நுழைந்ததைப் பார்த்து அவர் அசரவில்லை.

"சோதனை போட வந்தாங்களா, பசியில வந்தாங்களா, மணியம்?" என்று என்னிடம் கேட்டார்.

"பசிதான் பாய்."

"அப்ப சரி லா. உக்காரச் சொல்லு."

அன்றிலிருந்து அவர்கள் அந்த வழியாகத்தான் வந்துபோனார்கள். போகிறவர்களின் தலைவி ஒல்லியான, கண்டிப்பான அம்மையார். சர்க்கரை இல்லாத தேநீர். வருகிறவர்களின் தலைவர் கனத்த உடம்புக்காரர்; ரொட்டி சானாய்க்கு மறுபேச்சே கிடையாது. மேசையில் பேசாததைக்கூட அவர்கள் அடுப்படியில் நின்று பேசினார்கள். அமைச்சிலிருந்து பாராட்டு வந்தது. என் தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது. ஒரு காரியம் நன்றாகப் போகிறது என்று தெரிந்துவிட்டால், அது கெட்டுவிடுமோ என்ற பயம் உடனே வந்து உட்கார்ந்துகொள்கிறது. தோற்றுக்கொண்டிருப்பவன் அவ்வளவு பயப்படுவதில்லை.

கெடக்கூடிய விஷயம் ஒன்று கீழே காத்திருந்தது.

மேட்டுக்குக் கீழே, பங்களாவுக்கு வரும் ஒரே சாலையின் ஓரத்தில், தோட்டத்துச் சிற்றாலயம் இருக்கிறது. பக்கத்தில் மண்டபம். அந்தச் சனிக்கிழமை அங்கே சூசையின் மகள் ஜெசிந்தாவுக்குக் கல்யாணம். சூசை அந்தத் தோட்டத்தில் மண்டோர், வேலைக்காரர்களைப் பிரித்து அனுப்பும் மேற்பார்வையாளன். அவன்தான் நான் சொன்ன பெஞ்சுத் தோழன். மாப்பிள்ளை வீடு மலைக்கு அந்தப் பக்கம் பகாவில். பஸ்ஸில், காரில், மோட்டார் சைக்கிளில் சனம் வரும். பேண்டு வாத்தியம் வரும். ஒலிபெருக்கி வரும். அதே சனிக்கிழமைதான் பேச்சுவார்த்தையின் கடைசி அமர்வு.

காவல் துறைப் பொறுப்பதிகாரியிடம் கேட்டேன். "கல்யாணம்தானே? சாலையில் ஒரு தடுப்பு வைக்கிறேன், இரண்டு பேரை நிறுத்துகிறேன், பிரச்சினை இல்லை" என்று சொல்லிவிட்டு, பெண் வீட்டில் தன்னைக் கூப்பிடுவார்களா என்றும் விசாரித்தார். எனக்குத்தான் நிம்மதி இல்லை. முக்கியமான கட்டத்தில் கீழேயிருந்து பேண்டு சத்தம் வந்தால்? பகாவ் கூட்டத்தில் யாராவது கைப்பேசியில் படமெடுத்து எங்காவது போட்டுவிட்டால்?

விருந்தாளிகளையே கேட்டிருக்கலாம். அதற்கு ஒரு விதி இருந்தது. நம் நாட்டிடம் எதைக் கேட்டாலும் இரு தரப்பும் சேர்ந்தே கேட்க வேண்டும், தனித்தனியாகக் கேட்கக்கூடாது என்பது அவர்கள் முதல் நாளே போட்டுக்கொண்ட ஒப்பந்தம். கல்யாணத்தைப் பற்றி நான் கேட்டால் அவர்கள் கூடிப் பேசி, ஒரே பதிலாகத் தர வேண்டும். பாதி நாள் போய்விடும். இதைவிடச் சுலபமான வழி என்னிடம் இருந்தது.

எனக்குத் தொழில் கற்றுத்தந்த மேலதிகாரி ஒருவர், விருந்து வைப்பவன் எந்த வாக்கியத்தையும் 'நான்' என்று தொடங்கக்கூடாது என்பார். பணிவுக்காகச் சொன்னார். நான் அதை ஒளிந்துகொள்ளும் இடமாக வைத்துக்கொண்டேன். காரை அங்கே நிறுத்த வேண்டாம், விருந்தினர் விரும்பவில்லை. மேடையில் இத்தனை பூ வேண்டாம், விருந்தினர் விரும்பவில்லை. யாரும் போய் விருந்தினரைக் கேட்டதில்லை. கேட்கவும் முடியாது. அவர்களுக்கும் வெளியாருக்கும் நடுவில் நிற்பவர்கள் நாம்தானே. உங்களுக்கும் இது பழகிவிடும். பழகிவிட்டது என்று உங்களுக்கே தெரியாது என்பதால்தான் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மாலை சூசை வீட்டுக்குப் போனேன். மோட்டாரிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே கால் முறிந்து, கம்பி வைத்துக் கட்டி, கூடத்துக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தான்.

"வாடா கிராணி மவனே. மேல பங்களாவுல காப்பி கலக்கிக் குடுக்கிறியாமே?"

"அது பாய் வேலைடா."

"அப்ப நீ என்னாதான் செய்யிற?"

சிரித்தேன். பிறகு விஷயத்துக்கு வந்தேன். பாதுகாப்பு, ரகசியம், ஒரு தீவின் மக்கள், விருந்தினர் விரும்பவில்லை என்றெல்லாம் சொன்னேன். கல்யாணத்தை ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன்.

"எப்பிடிடா முடியும்? கல்யாணம் முடிஞ்சு வர்ற புதன் சாம்பல் புதன். தவக்காலம் ஆரம்பிச்சிரும். தவக்காலத்துல யாரு கல்யாணம் வைப்பா?"

நாள் நகராது. அப்படியென்றால் இடம்தான் நகர வேண்டும். மாப்பிள்ளை ஊர் மாதாகோயிலிலும் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்திருந்தார்கள். பகாவிலேயே வைக்கச் சாமியார் சம்மதிப்பார். அதை நானே எடுத்துச் சொன்னேன். உள்ளேயிருந்து அவன் மனைவி ரோஸ்லின் கரண்டியோடு வந்து நின்றாள்.

"பகாவுலயா? இவரு எப்பிடி அண்ணே வருவாரு? புக்கிட் பூத்துஸ் மேடு ஏறி எறங்கிப் போகணும். உக்காரவே கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. கோயிலு இங்கன்னாதானே பசங்க கட்டிலோட தூக்கிட்டுப் போவாங்க?"

நான் தரையைப் பார்த்தேன்.

"எவனோ எவனுக்கோ நாடு குடுக்கிறான்" என்றாள். "அதுக்கு எம்பொண்ணு கல்யாணம் எதுக்கு லா எடம் மாறணும்?"

சூசை அவளைக் கையமர்த்தினான். என்னிடம் ஒன்றுதான் கேட்டான்.

"ரெண்டு பேருமா கேட்டாங்க?"

"ஆமாண்டா. ரெண்டு பேருமே."

"ரெண்டு கவர்மெண்டும் சேர்ந்து ஒரு விசயம் கேக்குதுன்னா சின்னக் காரியமா? அங்கயும் பொண்ணு புள்ள கட்டிக் குடுக்கிற சனம் இருக்கும்ல. செய்யி. பகாவுலயே வச்சிக்கிறோம்" என்றான்.

அந்தக் கணத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

சனிக்கிழமை காலை சாலை காலியாக இருந்தது. அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. மேசையிலோ பேச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கடைசியாக நின்றது ஒரே விஷயம். வருகிறவர்கள் தங்கள் ஆட்கள் கொடி இறங்குவதற்கு முன்பே தீவுக்குப் போய், ஆஸ்பத்திரியிலும் படகிலும் கூட நின்று வேலை பழக வேண்டும் என்றார்கள். போகிறவர்கள் தயங்கினார்கள். "உங்கள் ஆட்கள் வந்த மறுநாளே உத்தரவு போடத் தொடங்குவார்கள். கடைசி நிமிடம்வரை உத்தரவு எங்களுடையது" என்றார் அம்மையார். "நம்பமாட்டீர்களா?" என்றார் தலைவர். நம்பலாம் என்ற இடத்துக்கு அம்மையார் மெல்ல வந்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றியது. அப்போதுதான் சாப்பாட்டுக்கு எழுந்தார்கள்.

அடுப்படியில் பெரிய பிரியாணிச் சட்டி ஒன்று புதிதாக இருந்தது. கல்யாணச் சமையலும் காதர் பாயுடையதுதான் என்பதை நான் யோசிக்கவே இல்லை. மற்ற சட்டிகளெல்லாம் லோரியில் பகாவுக்குப் போயிருந்தன. பாய் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி, மிகுந்த பெருமையோடு அறிவித்தார். இது கல்யாணச் சாப்பாடு. நீங்கள் இரு தரப்பும் கேட்டுக்கொண்டதால் கல்யாணம் வேறு ஊருக்குப் போய்விட்டது. பெண்ணின் அப்பாவுக்குக் கால் உடைந்திருக்கிறது, அவரால் போக முடியவில்லை, கீழே வீட்டில் இருக்கிறார். உங்களுக்கு வருத்தம் வேண்டாம் என்று அவர் வீட்டிலிருந்து இதைக் கொடுத்துவிட்டிருக்கிறார்கள்.

கரண்டிகள் நின்றன.

அம்மையார் தலைவரைப் பார்த்தார். தலைவர் அம்மையாரைப் பார்த்தார். இருவர் மனத்திலும் ஓடியதை என்னால் அப்படியே படிக்க முடிந்தது. நான் கேட்கவில்லை, அப்படியானால் கேட்டது இவர். எனக்குத் தெரியாமல், என் பெயரையும் சேர்த்து. தட்டைத் தொடாமல் அம்மையார் தம் ஆட்களோடு வலப்பக்கத்து அறைக்குப் போனார். தலைவர் பிரியாணியை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு இடப்பக்கத்து அறைக்குப் போனார். இரண்டு கதவும் சாத்தப்பட்டன. சற்று நேரத்தில் வலப்பக்கத்திலிருந்து ஒரு பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது.

"நான் என்னா தப்பாச் சொன்னேன்?" என்றார் பாய். "ரெண்டு பேரும் கேட்டாங்கன்னு நீதானே சூசைகிட்ட சொன்ன?"

"சொன்னேன்."

"கேட்டாங்களா?"

நான் குளியலறைக்குப் போய் முகம் கழுவினேன். அங்கே நின்று யோசித்ததை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. பாயின் ஆங்கிலம் அரைகுறை, அவர் தவறாகச் சொல்லிவிட்டார் என்று சொல்லலாம். காவல் துறைதான் கேட்டது என்று சொல்லலாம். அந்த அதிகாரி நல்ல மனிதர், ஏற்றுக்கொண்டாலும் ஏற்றுக்கொள்வார். தோட்டத்துச் சனம் தாங்களாகவே கற்பனை செய்துகொண்டது என்றும் சொல்லலாம். மூன்றும் எடுபடும். மூன்றிலும் 'நான்' என்ற சொல் இல்லை என்பதைக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபோது கவனித்தேன்.

வெளியே வந்தேன். வந்த பிறகு இன்னொரு சங்கடம். அம்மையாரிடம் முதலில் சொன்னால், நான் அவர் ஆள் என்று தலைவர் நினைப்பார். தலைவரிடம் முதலில் சொன்னால் இதுவே மறுபக்கம். ஒப்புக்கொள்வதற்கும் சரிசமம் தேவைப்படும் தொழில் நம்முடையது. நடுக்கூடத்தில் நின்று, இரண்டு கதவுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

"கல்யாணத்தை மாற்றச் சொன்னது உங்களில் யாரும் இல்லை. நான். பயத்தில் செய்தேன். உங்கள் இருவர் பெயரையும் சொல்லிச் செய்தேன்."

முதலில் இடப்பக்கத்துக் கதவு திறந்தது. பிறகு வலப்பக்கம். அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எங்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று நினைத்தீர்கள்?" என்றார்.

"தெரியவில்லை. அதனால்தான் கேட்கவில்லை."

"பேண்டு வாத்தியம் இருந்ததா?" இது தலைவர்.

"இருந்தது."

"ஒரு வாரமாக உங்கள் மாடுகள் கத்துவதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றார். அம்மையாரின் உதடு லேசாக விரிந்தது. தலைவர் அவர் பக்கம் திரும்பி, "அம்மா, எத்தனையோ நாளாகப் பேசுகிறோம். நாம் இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் ஒரு கல்யாணத்தைக் கெடுத்தது. அதையும் நாம் செய்யவில்லை" என்றார்.

இதற்கு அம்மையார் சிரிக்கவில்லை. "அந்தத் தகப்பனுக்குத் தெரியுமா?" என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் நீங்கள் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள்."

மூவரும் கீழே நடந்தோம். பின்னால் பாய், தட்டோடு.

சூசை கட்டிலில் படுத்தபடி, கைப்பேசியை ஜன்னல் பக்கம் நீட்டிப் பிடித்திருந்தான். பகாவிலிருந்து யாரோ வீடியோவில் காட்டுவது விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. திருப்பலி முழுவதும் அவனுக்குக் கிடைத்தது சாமியாரின் தோள்பட்டையும், பிறகு அசையாத ஒரு பூச்சாடியும்தான். எங்களைப் பார்த்ததும் எழ முயன்றான். தலைவர் அவன் தோளைப் பிடித்துப் படுக்கவைத்தார்.

"சூசை" என்றேன். "இவங்க ஒண்ணும் கேக்கலடா. நாந்தான். எனக்குப் பயமா இருந்திச்சி. இவங்க பேரச் சொல்லிட்டேன்."

அவன் என்னையே பார்த்தான். கைப்பேசியில் பூச்சாடி அப்படியே நின்றது.

"பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா பேண்ட வேணாம்னிருப்பேன்லடா" என்றான். "மைக்க அணைக்கச் சொல்லியிருப்பேன். மோட்டார அந்தாண்ட நிறுத்திட்டு எல்லாரும் நடந்து வாங்கன்னிருப்பேன். உனக்காகச் செய்ய மாட்டனா? எவனோ பேரச் சொன்னாத்தான் செய்வேன்னு நெனச்சிட்ட."

ஒரு மன்னிப்புக்குத் தேவையான வாக்கியங்களை நான் வாழ்நாள் முழுவதும் பிறருக்காக எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்று ஒன்றும் வரவில்லை.

அம்மையார்தான் கைப்பேசியைக் காட்டி, என்ன அது என்று கேட்டார். மாலையில் மண்டபத்தில் கேக் வெட்டுவார்கள், அதையாவது பார்க்கலாம் என்றால் இங்கே லைன் கிடைப்பதில்லை என்று விளக்கினேன். பங்களாவில் பேச்சுவார்த்தைக்கென்றே தனியாக இழுத்த தொடர்பு இருந்தது. இரு தரப்பின் தொழில்நுட்ப ஆட்களும் ஒன்றாக உட்கார்ந்து ஆளுக்கொரு கடவுச்சொல் போட்டால்தான் அது திறக்கும். வேறு எதற்கும் பயன்படுத்தக்கூடாது.

"சேர்ந்து கேட்டால் பயன்படுத்தலாம்" என்றார் தலைவர்.

"சேர்ந்தே கேட்கிறோம்" என்றார் அம்மையார், என்னைப் பார்த்து. "இந்தத் தடவை உண்மையாகவே."

மேலிருந்து ஆட்களை வரவழைத்து, அவனைக் கட்டிலோடு பங்களாவுக்குத் தூக்கினோம். கட்டிலின் ஒரு காலில் தலைவர், ஒரு காலில் காவல் துறை அதிகாரி, மற்ற இரண்டில் இரு தரப்பின் இளம் அதிகாரிகள். சூசை வழி முழுவதும் மண்டோராகவே இருந்தான். "லெஃப்ட்டு லெஃப்ட்டு. கல்லு இருக்கு பாரு. இந்தத் தடியான ஐயா நல்லாத் தூக்குறாரு, அந்தாண்டதான் சாயுது" என்று வேலை வாங்கிக்கொண்டே வந்தான். அவர் என்ன சொல்கிறார் என்று தலைவர் என்னிடம் கேட்டார். பாராட்டுகிறார் என்றேன். பாதி உண்மைதான்.

ஒரு வாரமாகக் காலை வணக்கம்கூடச் சொல்லிக்கொள்ளாத இரண்டு தொழில்நுட்பப் பையன்கள் ஒரே மடிக்கணினி மேல் குனிந்தார்கள். சுவர் முழுவதும் பகாவ் மண்டபம் விரிந்தது. ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். ஒரு துண்டு கேக்கை எடுத்துக் கேமரா வரைக்கும் நீட்டினாள். சூசை வாயைத் திறந்தான்.

"ஏங்க, அந்தச் சட்டையையா போட்டிருக்கீங்க?" என்று ரோஸ்லின் குரல் வந்தது. மாப்பிள்ளையின் மாமா யாரோ திரைக்குள் தலையை நுழைத்து, "பின்னால கோட்டு போட்டுக்கிட்டு நிக்கிறவங்கல்லாம் யாருங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு கவர்மெண்டு" என்றான் சூசை.

கைதட்டல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேர்ந்து எழுந்தது.

தீவின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். கடைசி அமர்வு மறுநாளுக்கு நீண்டது; காலையில் அம்மையார் ஒரு வாசகத்தை முன்வைத்தார். வருகிறவர்களின் ஆட்கள் முன்கூட்டியே வரலாம். ஆனால் ஒப்படைப்பு முடியும்வரை எவரும் இன்னொருவர் பெயரில் எந்த உத்தரவும் சொல்லக்கூடாது, சொல்பவர் தம் பெயரைச் சொல்லியே சொல்ல வேண்டும். தலைவர் உடனே ஒப்புக்கொண்டார். இருவரும் என் பக்கம் பார்க்காமலிருக்கப் பாடுபட்டார்கள். பிறகு பல மாதம் கழித்து ஒப்படைப்பு நடந்தது. மறுநாள் படகு வழக்கமான நேரத்தில் புறப்பட்டதாகவும், பழைய மாலுமியும் புதிய மாலுமியும் ஒரே சுக்கானைப் பிடித்திருந்ததாகவும் அம்மையார் ஒரு வரி எழுதி அனுப்பினார். நானோ நடந்ததை எழுதி அமைச்சில் கொடுத்தேன். எழுத்தில் கண்டனம் வந்தது. அதன் பிறகு பெரிய பேச்சுவார்த்தை எதற்கும் என்னை அனுப்பவில்லை. நியாயம்தான். தொழிலில் எனக்கு நேர்ந்தது அவ்வளவே.

சூசைக்கு நேர்ந்ததைத்தான் சரிசெய்யப் பார்த்தேன். திங்கட்கிழமை பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்கு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஞாயிறு மதியம் தொடங்கி இருட்டும்வரை அலைந்தேன். சிற்றாலயத்தைக் கழுவிவிட்டேன். சிரம்பான் பாசாரிலிருந்து பூ வாங்கி வந்து பீடத்தை அலங்கரித்தேன். என் கேமராவைத் துடைத்து எடுத்துக்கொண்டேன். ஜெசிந்தா கல்யாணச் சேலையை மறுபடி உடுத்திக்கொண்டு, அப்பாவைப் பக்கத்தில் வைத்துப் பீடத்தின் முன்னால் நின்றால், படத்திலாவது சூசை அந்தக் கல்யாணத்தில் இருப்பான் என்பது என் கணக்கு.

அதற்குள் அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சாதாரணப் பருத்திச் சேலையில் வந்தாள். பூவைப் பார்த்தாள், கேமராவைப் பார்த்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"வேணாம் அங்கிள்" என்றாள். "அப்பா வரல. வந்த மாதிரி எதுக்குக் காட்டணும்?"

"ஒரு ஞாபகத்துக்குத்தாம்மா."

"நடந்ததே ஞாபகத்துக்குப் போதும்." குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இன்னிக்கி நடக்கிறத இன்னிக்கி மாதிரியே எடுங்க."

அப்படியே எடுத்தோம். கழுவிய தரையில் சூசையின் கட்டில். அவன் அந்தப் பழைய சட்டையையே பிடிவாதமாகப் போட்டிருந்தான். ஒரு பக்கம் ரோஸ்லின், மறுபக்கம் ஜெசிந்தா, அவளுக்குப் பின்னால் கூச்சத்தோடு மாப்பிள்ளை. சாப்பாடு கொண்டுவந்த காதர் பாய் வாசலில் நின்று, "கொஞ்சம் பல்லக் காட்டு சூசை, ஆஸ்பத்திரிக்கு எடுக்கிற படம் மாதிரி இருக்கு" என்றார். நான் கேமராவுக்குப் பின்னால் குனிந்து, கண்ணை அதில் வைத்துக்கொண்டு, தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டேன்.

"டேய் மணியம்" என்றான் சூசை. "அதுக்குப் பின்னால என்னாடா ஒளியிற? பாய்கிட்டக் குடுத்துட்டு வந்து நில்லு."

பாய் என் கையிலிருந்து கேமராவை வாங்கிக்கொண்டார். நான் போய்க் கட்டிலின் கால்மாட்டில் நிற்பதா, வேண்டாமா என்று தெரியாமல் ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நேராகக் கேமராவைப் பார்த்தபடியே கொஞ்சம் தள்ளி நின்றாள், ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு.